ஏடு காத்த பெருந்தகை: நூலகர் ஆர்த்துரோ ஷோம்பர்க்கின் வாழ்வும் பணியும்

ஒரு மக்கட் கூட்டத்தை அடிமை கொள்வோர் முதற்கண் அதன் நிலத்தைப் பறிக்கின்றனர். அடுத்து உழைப்பைப் பறிக்கின்றனர். இறுதியில் அதன் வரலாற்றையும் பறித்துக்கொள்கின்றனர். நிலத்தையும் உழைப்பின் பயனையும் இழந்தவன் தான் இழந்ததை அறிவான். அதனால் கேட்பான், போராடுவான். வரலாற்றை இழந்தவனோ தனக்கு அப்படியொன்று இருந்தது என்பதையே அறியான். ‘உன் முன்னோர் எதுவும் செய்ததில்லை’ என்று பிறர் சொல்லும்போது, மறுத்துரைக்கச் சான்று இன்றித் தலை குனிந்து நிற்பான். இந்தக் கொடுமையை நம் சமுதாயம் நன்கறியும். கடல் கடந்த அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்களும் இதனை அறிவர். அவர்கள் நடுவே ஒருவர் தோன்றி, தம் வாழ்நாள் முழுவதையும் ஏடுகளைத் தேடுவதிலும், தேடியவற்றைத் தம் மக்களுக்கு வழங்குவதிலும் செலவிட்டார். ஆர்த்துரோ அல்போன்சோ ஷோம்பர்க் என்னும் அப்பெருந்தகையின் வாழ்க்கையை நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையதாகும்.

பிறப்பும் இளமையும்

கரீபியக் கடலிலுள்ள போர்ட்டோ ரிகோத் தீவு அந்நாளில் ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்தது. அங்கு அடிமை முறை 1873-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயினும் விடுவிக்கப்பட்டோர் மேலும் மூன்றாண்டு ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தே தீரவேண்டும் என்று அச்சட்டமே விதித்தது. விலங்கை அவிழ்த்துவிட்டுக் கயிற்றால் கட்டிய கதை அது. அந்தக் கயிறும் அறுபடாத காலத்தில், 1874-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24-ஆம் நாள், சான் ஹுவான் நகரை ஒட்டிய சாந்துர்சே என்னும் பகுதியில் ஷோம்பர்க் பிறந்தார். அவர் தாயார் செயின்ட் குரோய் தீவிலிருந்து வந்த கறுப்பினப் பெண்மணி. தந்தையார் ஜெர்மானிய வழியினர்.

சிறுவன் ஆர்த்துரோ பள்ளியில் பயின்ற நாளில் ஆசிரியர் ஒருவர், கறுப்பின மக்களுக்கு வரலாறும் இல்லை, வீரரும் இல்லை, போற்றத்தக்க செயல் எதுவும் இல்லை என்று கூறினாராம். அந்தச் சொல் சிறுவனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. உலகில் எத்தனையோ சிறுவர்கள் இத்தகைய சொற்களைக் கேட்டிருக்கின்றனர். கேட்டவர் பலர் அதனை உண்மையென நம்பி ஒடுங்கினர். சிலர் சினந்து, பின் மறந்தனர். ஆர்த்துரோவோ அதைத் தாம் சோதித்து அறியவேண்டிய ஒரு கூற்றாக எடுத்துக்கொண்டார். அச்சோதனை அவருடைய ஆயுள் முழுவதும் நீண்டது.

கூலி வேலையும் கல்வி வேட்கையும்

1891-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், பதினேழு வயது இளைஞராக, அவர் நியூயார்க் நகருக்குக் குடியேறினார். கையில் பொருளில்லை, பட்டமும் இல்லை. தாய்மொழி ஸ்பானியம், ஆங்கிலத்தை உழைத்துக் கற்க வேண்டியிருந்தது. மின்தூக்கி இயக்குபவராகவும், விடுதிச் சிற்றாளாகவும், அச்சகத் தொழிலாளியாகவும் வேலை பார்த்தார். கூபா, போர்ட்டோ ரிகோ ஆகிய இரு தீவுகளின் விடுதலைக்காக 1892-இல் அமைந்த ‘இரு ஆண்டிலிசு’ என்னும் சங்கத்தில் முன்னின்று உழைத்தார்.

பின்னர் வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்தபோது தாமும் சட்டம் பயில விழைந்தார். ஆனால் தம் தொடக்கக் கல்விக்குச் சான்றிதழ் காட்ட இயலாத காரணத்தால் தேர்வெழுத இசைவு கிடைக்கவில்லை. அறிவு இருந்தும் காகிதம் இல்லாமையால் வாயில் மூடப்பட்டது. நம் பாட்டன்மாரும் தந்தைமாரும் பட்ட பாடு அன்றோ இது!

1906-ஆம் ஆண்டு நியூயார்க்கில் வங்கி ஒன்றில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். நாளடைவில் கரீபிய, தென்னமெரிக்க நாடுகளின் அஞ்சல் பிரிவுக்கு மேற்பார்வையாளராக உயர்ந்து, 1929 வரை அங்கே பணியாற்றினார். பகலில் வங்கி வேலை. மாலையிலும் விடுமுறையிலும் பழைய புத்தகக் கடைகள். இதுவே அவர் வாழ்க்கை முறையாயிற்று. செல்வர் பலர் அழகிய கட்டடம் செய்த நூல்களை அலமாரிக்கு அணியாக வாங்குவர். ஷோம்பர்க் அத்தகையவர் அல்லர். பிறர் குப்பையென ஒதுக்கிய துண்டறிக்கை, கிழிந்த பஞ்சாங்கம், மறந்துபோன சொற்பொழிவு, மங்கிய செதுக்குப் படம் ஆகியவற்றையே அவர் தேடினார். பல நாட்டுப் புத்தக வணிகர்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். அயல்நாடு செல்லும் நண்பர்களிடமும் தமக்கு வேண்டியவற்றைத் தேடித் தருமாறு வேண்டினார். புரூக்ளின் பகுதியிலிருந்த அவர் இல்லம் நூல்களால் நிறைந்து வழிந்தது.

தேடியவர் கண்டவை

அவர் திரட்டிய செல்வத்தில் சிலவற்றை எண்ணிப் பார்த்தால், அந்த ஆசிரியரின் கூற்று எவ்வளவு பொய் என்பது விளங்கும்.

ஸ்பெயின் நாட்டின் கிரனாதா நகரில் 1573-ஆம் ஆண்டில் அச்சான இலத்தீன் கவிதை நூல் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதனை இயற்றியவர் ஹுவான் லத்தீனோ. அடிமையாய் வளர்ந்து, இலத்தீன் மொழியில் பெரும்புலமை எய்திய கறுப்பர். ஐரோப்பியர் தம் அறிவின் மணிமுடி என்று கருதிய மொழியிலேயே ஒரு கறுப்பர் கவி பாடிய சான்று அந்நூல்.

பிலிஸ் வீட்லி என்னும் பெண்மணியின் கவிதை நூலும் அவர் தொகுப்பில் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டு, 1761-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் சிறுமியாக விற்கப்பட்டவர் அவர். அவருடைய நூல் 1773-இல் இலண்டனில் வெளியாயிற்று. ஓர் அடிமைப் பெண் இத்தகைய கவிதைகளை எழுத முடியும் என்பதை உலகம் நம்பாது என்று அஞ்சி, பாஸ்டன் நகரப் பெரியோர் பதினெண்மர் கையொப்பமிட்ட சான்றுரை ஒன்றை நூலின் முகப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. எழுதியவள் அவள்தான் என்பதற்கு ஆண்டைமாரின் ஒப்பம் வேண்டியிருந்த காலம் அது.

வானியலும் கணிதமும் தாமே பயின்ற பெஞ்சமின் பேனக்கரின் பஞ்சாங்கங்களையும் ஷோம்பர்க் சேர்த்தார். அப்பேனக்கர் 1791-ஆம் ஆண்டில் தம் கணிப்பின் கையெழுத்துப் படியைத் தாமஸ் ஜெபர்சனுக்கு அனுப்பி, எல்லா மனிதரும் சமம் என்று பறைசாற்றிய நீங்கள் எங்களை அடிமைகளாக வைத்திருப்பது எங்ஙனம் பொருந்தும் என்னும் கருத்தமைந்த கடிதத்தையும் உடன் விடுத்தவர். ஹெய்ட்டித் தீவில் அடிமைகள் 1791-இல் தொடங்கிய புரட்சிக்குத் தலைமை தாங்கிய தூசேன் லூவர்த்தூர் தொடர்பான கையெழுத்து ஆவணங்களும் அவரிடம் இருந்தன. அம்மாவீரர் 1803-இல் பிரெஞ்சுச் சிறையில் மடிந்தார். மறு ஆண்டே ஹெய்ட்டி விடுதலை பெற்றது.

இவை வெறும் பெருமை பேசுதற்குரிய பொருள்கள் அல்ல. 1911-ஆம் ஆண்டில் ஜான் எட்வர்ட் புரூஸ் என்னும் இதழாளருடன் சேர்ந்து வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை ஷோம்பர்க் நிறுவினார். 1920-ஆம் ஆண்டு முதல், கறுப்பின அறிஞர்களின் அவையாகிய அமெரிக்க நீக்ரோ அகாதெமிக்குத் தலைவராகவும் விளங்கினார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோர் நிறைந்த அவைக்கு, பட்டம் எதுவும் பெறாத வங்கி ஊழியர் ஒருவர் தலைவரானது எண்ணத்தக்கது.

1925-ஆம் ஆண்டில் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் தம் ஆராய்ச்சியின் முடிவுகளாக மூன்று செய்திகளைக் கூறினார். கறுப்பின மக்களின் விடுதலைக்காகத் தொடக்கம் முதல் உழைத்தவர்களில் அம்மக்களும் இருந்தனர். பல இடங்களில் அவர்களே முன்னோடிகள். இது முதற்செய்தி. அவர்களுள் யாரேனும் ஒருவர் சிறந்து விளங்கினால், அவரைத் தனிப்பட்ட விதிவிலக்காகக் காட்டி, அவர் பிறந்த கூட்டத்திலிருந்து பிரித்துவிடுவது வழக்கமாக இருந்தது. இது இரண்டாவது. அவர்களின் தொன்மை பற்றிப் பிறர் எழுதி வைத்த இழிவுரைகளை ஆய்வு ஏற்காது என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் இரண்டாவதை நம் இளைஞர்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். நம்மவருள் ஒருவர் உயர்ந்தால், ‘இவர் உங்களைப் போன்றவர் அல்லர்’ என்று அவரைப் பாராட்டுவதுபோல நம்மைப் பழிக்கும் பேச்சினை நாம் இன்றும் கேட்கவில்லையா?

பொதுச் சொத்தாகிய தனிச் சொத்து

நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில், 135-ஆம் தெருவில், பொது நூலகத்தின் கிளை ஒன்று இருந்தது. அப்பகுதியில் கறுப்பின மக்கள் பெருகி வந்தனர். 1920-ஆம் ஆண்டில் அக்கிளைக்குத் தலைவராக வந்த எர்னஸ்டைன் ரோஸ் என்னும் வெள்ளைப் பெண்மணி, நூலகம் சுற்றியுள்ள மக்களுக்கு உரியதாக வேண்டும் என்று கருதினார். அதே ஆண்டில் கேதரின் லாட்டிமர் நியூயார்க் பொது நூலகத்தின் முதற் கறுப்பின நூலகராக நியமனம் பெற்று, அங்கே பணியாற்றினார். கறுப்பின மக்களைப் பற்றிய நூல்களைத் தேடி வருவோர் தொகை பெருகியதால், இருந்த சில படிகளும் கிழிந்து தேய்ந்தன. எனவே 1925-ஆம் ஆண்டில் அவற்றுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினர். அம்முயற்சிக்கு ஊர்ப் பெரியோர் துணை நின்றனர். ஷோம்பர்க் அவர்களுள் முதன்மையானவர்.

1926-ஆம் ஆண்டில் கார்னகி அறநிறுவனம் பத்தாயிரம் டாலர் வழங்க, ஷோம்பர்க்கின் தொகுப்பு முழுவதும் அந்நூலகத்துக்கு உரியதாயிற்று. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், மூவாயிரம் கையெழுத்துப் படிகள், ஈராயிரம் செதுக்குப் படங்கள், பல்லாயிரம் துண்டு வெளியீடுகள் அதில் அடங்கும். முப்பதாண்டு உழைப்பில் சேர்த்த செல்வம் ஒரே நாளில் வீட்டை விட்டு வெளியேறிற்று. அவர் வருந்தவில்லை. தெருவில் செல்லும் சிறுவனும் உள்ளே வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் தம் நூல்கள் இருப்பதே முறை என்று அவர் எண்ணினார்.

கிடைத்த பணத்தை அவர் என் செய்தார்? ஸ்பெயின் முதலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பயணம் மேற்கொண்டார். செவில் நகரின் ஆவணக் காப்பகத்தில் அமர்ந்து பழஞ்சுவடிகளைப் புரட்டினார். ஓவியர் வெலாஸ்கெசுக்கு அடிமையாயிருந்து, பின்னர்த் தாமே சிறந்த ஓவியரான ஹுவான் தே பரேஹாவின் வரலாற்றைத் தேடினார். நூல் விற்ற பணமும் நூலுக்கே சென்றது.

நூலகர் ஷோம்பர்க்

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் அவருக்கு நூலகப் பணி வாய்த்தது. 1931-ஆம் ஆண்டில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலுள்ள பிஸ்க் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. கறுப்பின மாணவர்க்கென அமைந்த அப்பல்கலைக்கழகத்தில், கறுப்பின மக்களைப் பற்றிய நூல்கள் நூறளவிலேயே இருந்தன. அவர் அங்கிருந்த குறுகிய காலத்தில் அத்தொகை நான்காயிரத்தைக் கடந்தது. 1932-இல் ஹார்லம் நூலகத்துக்கே திரும்பி, தாம் சேர்த்துத் தந்த தொகுப்புக்குத் தாமே காப்பாளரானார்.

நூலைக் காப்பவருள் இருவகையினர் உண்டு. நூலைப் பிறர் தொடாமற் காப்பவர் ஒரு வகையினர். நூல் உரியவர் கையைச் சென்றடையுமாறு காப்பவர் மற்றொரு வகையினர். ஷோம்பர்க் இரண்டாம் வகையினர். நூலகராவதற்கு முன்பே தம் அரிய ஏடுகளை எழுத்தாளர்க்கும் ஆராய்ச்சியாளர்க்கும் தயங்காது உதவியவர். இன்ன செய்தி வேண்டும் என்று கடிதம் எழுதினால், தேடிக் கண்டு மறுமொழி விடுப்பார்.

அவருடைய அன்புக்கு ஒரு சான்று கூறலாம். அலபாமா மாநிலத்து ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்த ஜான் ஹென்ரிக் கிளார்க் என்னும் இளைஞர், ஷோம்பர்க்கின் கட்டுரையைப் படித்து மனங்கனன்று, 1933-இல் ஹார்லத்துக்கு வந்தார். நூலகத்திற் புகுந்து, தம் மக்களின் வரலாறு முழுவதையும் உடனே கற்பிக்குமாறு ஷோம்பர்க்கை வேண்டினாராம். பதினெட்டு வயதினரின் அவசரம்! பெரியவர் நகைக்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. அவரை அமரச் செய்து, நீ தேடுவது உலக வரலாற்றிலிருந்து விடுபட்டுப்போன பக்கங்களையே. ஆகையால் உலக வரலாற்றையும் நம்மை அடக்கியோரின் வரலாற்றையும் முதலிற் கற்றுக்கொள், விடுபட்ட இடம் எது என்பது அப்போதே புலனாகும் என்னும் பொருள்பட அறிவுரை கூறினார். கிளார்க் பின்னாளில் நாடறிந்த வரலாற்றாசிரியராகி, தம் முதல் ஆசானாக ஷோம்பர்க்கை நினைவுகூர்ந்தார்.

ஜேக்கப் லாரன்ஸ் என்னும் ஓவியரும் இளமையில் அந்நூலகத்தில் அமர்ந்து ஹெய்ட்டியின் வரலாற்றைப் பயின்றவரே. அப்பயிற்சியின் பயனாகத் தூசேன் லூவர்த்தூரின் வாழ்வை 41 ஓவியங்களாக 1938-இல் முடித்தார். அப்போது அவருக்கு வயது இருபதே கடந்திருந்தது. ஏட்டில் உறங்கிய வீரர், ஓர் ஏழை இளைஞனின் தூரிகையில் எழுந்து நின்றார்.

அதே 1938-ஆம் ஆண்டு சூன் திங்களில், தம் 64-ஆம் வயதில், ஷோம்பர்க் மறைந்தார். 1940-இல் அத்தொகுப்புக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1972-இல் அது நியூயார்க் பொது நூலகத்தின் ஆராய்ச்சி மையங்களுள் ஒன்றாக உயர்ந்தது. 1980-இல் புதிய கட்டடம் எழுந்தது. ஐயாயிரம் நூல்களோடு தொடங்கிய அத்தொகுப்பில் இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட நூல்களும் ஆவணங்களும் படங்களும் பிறவும் உள்ளன.

நமக்கும் அவர்க்கும் உள்ள உறவு

ஷோம்பர்க் நியூயார்க்கில் நூல் தேடிக்கொண்டிருந்த நாள்களில், அதே நகரில் நம் அண்ணல் அம்பேத்கரும் மாணவராக இருந்தார். 1913 முதல் 1916 வரை கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றார். அப்பல்கலைக்கழகம் ஹார்லத்தை ஒட்டியே அமைந்தது. ஓய்ந்த நேரமெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் அவர் நூல் வாங்கினார். 1917-இல் அவர் தாயகம் திரும்பியபோது, அவருடைய உடைமைகளை ஏற்றி வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. இழந்தவர் சோர்ந்துவிடவில்லை. பம்பாய் தாதர் பகுதியில் தம் நூல்களுக்கு இடம் அமையும் வண்ணமே ‘ராஜகிருகம்’ என்னும் இல்லத்தை எழுப்பினார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். அதே 1946-இல், கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு விடுத்த விண்ணப்பத்தைப் பற்றி அறிய விரும்பி, அவர்தம் பேரறிஞர் டூபாய்சுக்கு அண்ணல் கடிதம் எழுதினார். டூபாய்சும் பரிவோடு மறுமொழி விடுத்தார். நிறத்தால் ஒடுக்கப்படுவதும் சாதியால் ஒடுக்கப்படுவதும் ஒன்றே அல்ல எனினும், ஒருவர் பட்ட வழியிலிருந்து மற்றவர் பாடம் கொள்ளலாம் என்பதற்கு அக்கடிதமே சான்று.

நம் தமிழகத்தையும் எண்ணுவோம். இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 சூன் 19-ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது ‘தமிழன்’ ஆயிற்று. தம் பாட்டனார் கந்தப்பன் வாயிலாகவே திருக்குறள் ஓலைச்சுவடி ஆங்கிலேய அதிகாரி எல்லிசு துரையிடம் சேர்ந்தது என்று பண்டிதர் குறித்திருக்கிறார். எழுத்தறிவுக்கும் நமக்கும் தொடர்பில்லை என்றோர் அறிக: நம் இல்லங்களில் சுவடி இருந்தது, அதைக் காத்துக் கையளித்த நெஞ்சமும் இருந்தது.

ஆனால் பண்டிதர் 1914-இல் மறைந்த பின் நிகழ்ந்தது என்ன? அவர் எழுதிக் குவித்தவை நெடுங்காலம் பொதுமக்கள் பார்வைக்கு எட்டாமல் இருந்தன. அன்பு பொன்னோவியம் போன்ற ஆர்வலர் சிலர் பழைய இதழ்களைப் பேணி வைத்திருந்தமையால் அவை முற்றும் அழியாமல் தப்பின. ஞான அலாய்சியசு தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999-இல் வெளிவந்த பிறகே, அவர் எத்தகைய பேரறிஞர் என்பதைத் தமிழுலகம் பரவலாக உணர்ந்தது. எண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன! யாரோ சிலர் தம் வீட்டுப் பெட்டியில் அக்காகிதங்களை வைத்திராவிட்டால், அப்பெருமகனார் இருந்த சுவடே மறைந்திருக்கும்.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் தேர்வில் வெல்லச் செய்யவும் பாடுபட்டு வந்திருக்கிறது. அப்பணி தொடரவேண்டும். அதனோடு இன்னொரு பணியையும் இளைஞர்கள் தோளில் ஏற்க வேண்டும். நம் முதியோர் வீடுகளில் பழைய மனுக்களின் படிகள், மாநாட்டு அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள், இரவுப் பாடசாலைக் குறிப்பேடுகள், நிலப் பத்திரங்கள், மங்கிய நிழற்படங்கள் கிடக்கக் கூடும். போகிப் பண்டிகையன்று அவை நெருப்பில் விழுமுன் கேட்டு வாங்குங்கள். கொடுத்தவர் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதி ஒட்டுங்கள். நிழற்படத்தில் இருப்போர் யாவர் என்பதைச் சொல்லக்கூடிய முதியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏட்டில் இல்லாத செய்திகளை அவர்கள் வாய்மொழியாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது நம் சென்னை மாகாணத்தில்தான். பொது நூலகம் யாருடைய தயவும் அன்று. அது நம் உரிமை. அதிற் சென்று உலக வரலாற்றைக் கற்போம். கற்றபின், விடுபட்ட பக்கங்களை எழுதுவதற்குரிய சான்றுகளை நம் இல்லங்களிலிருந்தே திரட்டுவோம். பட்டம் பெறாத வங்கி ஊழியர் ஒருவர் மாலை நேர உழைப்பால் ஓர் இனத்தின் நினைவையே மீட்டெடுத்தார் எனின், கல்வி பெற்ற நம் இளைஞர் பலர் கூடினால் ஆகாதது உண்டோ? அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கழகக் கட்டடத்தில் அவ்வாறு நிறைந்த அலமாரி ஒன்று நிற்குமாயின், அதுவே பொன்விழாவுக்கு நாம் சேர்க்கும் பெருஞ்செல்வமாகும்.